கீறலுக்குப் பின்னால்

கீறல் நகர்ந்தது.

ஃபிலிமில் விழுந்த கீறல் அப்படி நகராது. புரொஜெக்டரின் பல்லில் உரசியோ, சுருளுக்குள் புகுந்த மணலில் தேய்ந்தோ விழுகிற கோடு மேலிருந்து கீழாக, மழைக்கம்பி போல, ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும். படத்துக்குள் யார் எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. அந்தத் தழும்புகளைத் துடைத்துத் துடைத்தே பிழைப்பு நடத்துகிறவள் ஆர்பி மனுக்கியான். கோடுகளின் குணம் அவளுக்கு அத்துப்படி.

இந்தக் கீறல் ஒரு பெண்ணின் பின்னால் நடந்து வந்தது.

ஆர்பி நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி போட்டாள்.

பழைய ஓட்டல் ஒன்றின் நீண்ட தாழ்வாரம். சுவரில் வரிசையாகச் சிறு விளக்குகள், அவற்றுக்கு நடுவே இருட்டுத் துண்டுகள். வெள்ளை கவுன் போட்ட பெண் நம்மை நோக்கி நடந்து வருகிறாள். கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு, கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. அவள் நடந்தால் நடந்தன. அவள் ஒரு கதவருகே நின்று மூச்சு வாங்கினாள். அவையும் நின்றன.

வெளியே, ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில், பட்டப்பகல். மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று கார்களின் மேல் தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் இல்லாத அறை, மீன் கடையைப் போன்ற குளிர், மானிட்டரின் வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. எத்தனை முறை கழுவினாலும் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது நெகட்டிவின் வாடை. புளித்த பாலும் ஈரக் காலுறையும் கலந்தாற்போல.

படத்தின் பெயர் ‘வெர்மான்ட் தெருவின் விதவை’. நிழலும் துரோகமும் துப்பாக்கியுமாக, நுவார் என்று பெயர் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இதே ஊரில் வாரத்துக்கொன்று எடுக்கப்பட்ட காலத்தில் எடுத்தது. வெளியான சில நாட்களிலேயே காணாமல் போனது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். பிறகு பாலைவனப் பக்கம், யாரும் உரிமை கோராத வாடகைக் கிடங்கு ஒன்றைக் காலி செய்தபோது துருப்பிடித்த டப்பாக்களில் நெகட்டிவ் கிடைத்தது. அதை ஆர்பியின் முதலாளி வெண்டல் ஸ்ட்ராட் வாங்கி வந்தார். தொலைந்த படங்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, டிஸ்க்கில் ஏற்றி, அழகான பெட்டியில் போட்டு வீடுகளுக்கு விற்பது அவருடைய தொழில். வாங்குகிறவர்கள் ஒரு தனி ஜாதி. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, ஒரு பொட்டுத் தூசி தெரிந்தாலும் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதுகிறவர்கள்.

தூசியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதை அது தொடவில்லை. பழுது என்றே அதற்குத் தோன்றவில்லை போல.

ஆர்பி ஒரு பிரேமைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோட்டின் முனைகள் கூர்மையாக இருந்தன. அழுத்தி ஆரம்பித்து, இழுத்து, விட்ட கோடுகள். அடுத்த பிரேமிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு சிறு படத்தின் மேலும் யாரோ குனிந்து உட்கார்ந்து ஊசியால் கீறியிருந்தார்கள்.

வெண்டலிடம் போய்ச் சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரோ கிறுக்கன். துடை."

"வேணும்னே எதையோ மறைச்சிருக்காங்க, வெண்டல். இப்படியே விட்டுட்டு, பெட்டியில ஒரு குறிப்பு போட்டா என்ன?"

"என்னன்னு? ‘இந்த இடத்துல எங்க அம்மணிக்குக் கை வரல, மன்னிச்சுக்கோங்க’ன்னா?" இப்போது திரும்பினார். "எதை மறைச்சாங்களோ அதைத்தான் நான் விக்கப்போறேன். தேதி சொல்லியாச்சு. நீ முன்னாடி இருந்த பெரிய லேப்ல இருந்து உன்னை ஏன் அனுப்பினாங்கன்னு இப்பதான் புரியுது. துடைக்கச் சொன்னா ஆராய்ச்சி பண்ற."

அங்கே ஆட்களைக் குறைத்தபோது அவளையும் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கே குத்தினால் வலிக்கும் என்று வெண்டலுக்குத் தெரியும். ஆர்பி அறைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் கையை ஓட்டியது கோபம்தான்.

வழி இருந்தது. ஊசி பிடித்த கை ஒரே இடத்தில் இரண்டு முறை கீறியிருக்கவில்லை. ஒரு பிரேமில் மறைந்தது அடுத்ததில் நூலளவு தெரிந்தது. இங்கிருந்து ஒரு கீற்று, அங்கிருந்து ஒரு கீற்று என்று எடுத்து வைத்து, ஒட்டுத்துணி தைப்பதுபோல் அவள் சேர்த்துக்கொண்டே போனாள். முதலில் வந்தது ஒரு ஜோடி ஷூ. பிறகு நீளமான ஓவர்கோட்டின் ஓரம். மடிப்புகள். முழங்கை. தொப்பியின் பின் விளிம்பு, அதற்கும் காலருக்கும் நடுவே வெளுத்த பிடரி.

ஆள்தான். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஆள்.

முழு ஷாட்டையும் சேர்த்து ஓட விட்டபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கேமரா முன்னால் இருக்கிறது. பெண் கேமராவை நோக்கி வருகிறாள். அவள் பின்னால் வருகிறவனும் கேமராவை நோக்கித்தான் வருகிறான். ஆனால் தெரிவது முதுகு. குதிகால் முன்னால் வர, முதுகு முன்னால் வர, அவன் பின்புறமாக நடந்து வந்தான். தட்டுத் தடுமாறவில்லை. சுவரைத் தொடவில்லை. வழி தெரிந்தவன்போல், அவள் வேகத்துக்கு வந்தான்.

பக்கத்து அறையில் ஒலியைச் சுத்தம் செய்கிற கில் ப்ராகமோன்ட்டே எட்டிப் பார்த்தான். கையில் பாதி தின்ற டாக்கோ ரொட்டிச் சுருள். எதையும் கேலி செய்யாமல் அவனால் இருக்க முடியாது.

"யாரிது, உன் பழைய புருஷனா? முகம் காட்ட வெக்கப்படுறான்."

"காலைப் பாரு."

கில் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். "பின்னாடியே நடக்கறான்."

"ஆமா."

"ரெண்டு தடவ எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருப்பாங்க. பழைய தந்திரம்."

"அவனோட நிழல் அவ கவுன் மேல விழுது, கில். ஒவ்வொரு விளக்கைத் தாண்டும்போதும் சரியா விழுது."

அவன் டாக்கோவைக் காகிதத்தில் சுற்றினான். குரலில் கேலி இல்லாமல் சொன்னான்: "இந்த ஷாட்ல ஒருத்தர் காலடிதான் இருக்கு. இத்தனை நாளா அவ குதிகால் சத்தத்தைத்தான் கழுவிட்டிருக்கேன். வேற கால் கிடையாது. ஆனா துணி சுவத்துல உரசற மாதிரி ஒரு சத்தம். அதை எடுத்துப் பார்த்தேன். போகமாட்டேங்குது. மத்ததெல்லாம் போகப் போக அது பெருசாகுது."

அன்றிலிருந்து கில் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான், அறைக்கதவு கண்ணில் படும்படியாக. ஆர்பி அதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

வார இறுதி கழித்து வந்தவள் ஷாட்டை மறுபடி போட்டுப் பார்த்தாள். தொப்பி. காலர். பிடரி. பிடரிக்கு வலப்பக்கம் ஒரு மெல்லிய வளைவு.

காது.

அவள் காது எதையும் சேர்க்கவில்லை. எந்த பிரேமிலும் காது இருக்கவில்லை. தன் கையால் ஒட்டிய முதுகு அது. அதன் ஒவ்வொரு இழையும் அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் தனியாகச் சேமித்து வைத்திருந்த படங்களைத் திறந்தாள். அசையாத படங்கள். அவற்றிலும் காது இருந்தது. கன்னத்தின் ஓரம்கூட, நகத்தின் பிறைபோல.

ஏசி ஓடும் சத்தம் மட்டும். தன் மூச்சுச் சத்தம். மானிட்டரை அணைத்தால் கறுப்புக் கண்ணாடியில் தன் முகமும் தனக்குப் பின்னாலிருக்கும் அறையும் தெரியும் என்று தோன்றியதும், அவள் அதை அணைக்காமலேயே எழுந்து வெளியே போனாள். வெயிலில், கார்கள் நிற்கும் இடத்தில், தோல் காந்தும்வரை நின்றாள்.

அந்த வாரம்தான் கோரா டால்பி வந்தாள். படத்தின் கதாநாயகி லெனோர் டால்பியின் ஒரே மகள். இந்த ஒரு படத்தோடு லெனோர் சினிமாவை விட்டு ஒதுங்கி, கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்து, முதுமையில் செத்துப்போனாள். டிஸ்க்கில் சேர்ப்பதற்காக, படம் ஓட ஓட மகள் பேசுவதைப் பதிவு செய்ய வெண்டல் ஏற்பாடு செய்திருந்தார். கோராவுக்கு எழுபது கடந்திருந்தது. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெண்டல் கைகுலுக்க நீட்டிய கையைத் தொடாமல் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். போட்டு வைத்திருந்த நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுச் சாமானைக் குப்பையில பொறுக்கிட்டு வந்து, என்னையே கூப்பிட்டு அதைப் பத்திப் பேசச் சொல்றீங்க. நல்லாருக்கு."

"எல்லாம் சட்டப்படி வாங்கினது, மேடம்," என்றார் வெண்டல், பல் தெரிய.

படம் ஓடியது. பேச்சு ஒவ்வொன்றும் முள்ளாக வந்தது. வில்லன் லெனோரின் கையை முறுக்குகிற இடத்தில், "அது நடிப்பில்ல. ஒரு வாரம் கை வீங்கியிருந்துச்சு," என்றாள். டைரக்டரைப் பற்றி ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். வெண்டலுக்கு ஏக சந்தோஷம். இப்படிப்பட்ட பேச்சுக்குத்தான் பெட்டி விற்கும்.

தாழ்வாரம் வந்தது.

கோரா பேச்சை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது.

"கோடு எங்க?"

"துடைச்சாச்சு, மேடம். நம்ம ஆர்பியோட கைவேலை. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

கோரா ஆர்பியைப் பார்த்தாள். அப்படி ஒரு வெறுப்பை ஆர்பி யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"அந்தக் கோட்டைப் போட்டது எங்கம்மா. லேப்ல இருந்து நெகட்டிவைத் திருடிட்டு வந்து, ஒரு கோடை முழுக்க கராஜ்ல உக்காந்து, தையல் ஊசியால. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். சாப்பாட்டு மேசையில அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கும்."

"பிரமாதம்," என்றார் வெண்டல் மெதுவாக. மைக் ஓடுகிறதா என்று, பதிவுக் கருவியருகே இருந்த கில்லைப் பார்த்தார். "ஏன் கீறினாங்க? அந்த ஆளு யாரு? துணை நடிகனா?"

"படம் எடுக்கறப்ப அம்மா பின்னாடி யாரும் இல்ல. சுவரும் விளக்கும்தான். போட்டுப் பார்த்தப்ப இருந்துச்சு." கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "முதல்ல முதுகு மட்டும்தான். போடப் போடத் திரும்புச்சு. பார்க்க ஆள் இருந்தா அது திரும்பும். தியேட்டர்ல ஓடினது கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள கன்னம் வரைக்கும் வந்துடுச்சு. அம்மா கீறி மறைச்சப்புறம்தான் பழையபடி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு."

வெண்டல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கோரா அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆர்பியைத்தான் கேட்டாள். "இதைத் துடைக்க நீ எத்தனை தடவ போட்டுப் பார்த்த?"

ஆர்பி எண்ணிப் பார்க்க முயன்றாள். எத்தனை தடவை. காலையிலிருந்து மாலை வரை. முன்னும் பின்னும். மெதுவாக, வேகமாக. கணக்கே இல்லை.

கோரா எழுந்தாள். சுவரைத் தடவியபடி, முதுகைச் சுவரிலிருந்து எடுக்காமல், பக்கவாட்டில் நடந்து கதவுக்குப் போனாள். "எத்தனை வீட்டுக்கு அனுப்பப்போறீங்க?"

"முன்பதிவே ஆயிரக்கணக்குல, மேடம்," என்றார் வெண்டல் பெருமையாக.

"சரி. அப்ப ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

அவள் போனபின் வெண்டல் வாய்விட்டுச் சிரித்தார். ஆர்பி சிரிக்கவில்லை. மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, ஸ்கேனில் இருந்த பழைய கீறல் ஷாட்டை எடுத்து இறுதிப் பிரதியில் பொருத்தினாள். திரையைப் பார்க்காமல், எண்களை மட்டும் பார்த்துச் செய்தாள். முடிந்ததும் ஒருமுறை நிமிர்ந்தாள். தாழ்வாரத்தில் கறுப்புக் கோடுகள் பின்னிக்கொண்டு நின்றன. பழைய காவலாளியைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் கோடுகளின் இடுக்கில் ஓவர்கோட்டின் பித்தான் ஒன்று மின்னியது. முதுகில் பித்தான் இருக்காது.

வெண்டல் கண்டுபிடிக்க மாலைவரை ஆகவில்லை.

"என் படத்துல கை வச்சிருக்க."

"அந்த ஒரு ஷாட்டை மட்டும் வெட்டிடுங்க, வெண்டல். கதை கெடாது. பெயர்ப் பட்டியல்ல என் பேரே வேண்டாம்."

"உன் பேரை யாரு போடறதா சொன்னா?" அவர் கத்தவில்லை. அவள் பையை எடுத்து அவள் கையில் திணித்தார். "அந்தக் கிழவி ஒரு கதை விட்டா, இவளுக்கு மூளை கழண்டுடுச்சு. வெளிய போ. இந்த ஊர்ல இனிமே ஒருத்தன் உன்னைக் கூப்பிட்டு ஒரு தூசியைக்கூடத் துடைக்கச் சொல்ல மாட்டான். நான் பார்த்துக்கறேன்."

சுத்தமான ஷாட் திரும்பவும் உள்ளே போனது. படம் அச்சுக்குப் போனது.

ஆர்பி க்ளெண்டேலில் தன் அபார்ட்மென்டில் கிடந்தாள். வேலை தேடவில்லை. லவாஷ் ரொட்டியைப் பிய்த்துச் சீஸோடு தின்றுவிட்டு, டிவியின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு, ரேடியோவை ஓடவிட்டுப் படுத்தாள். அதிகம் யோசித்தது லெனோரைப் பற்றித்தான். கராஜில், வெயிலில், கறுத்த விரல்களோடு. ஒரு பிரேம். இன்னொரு பிரேம். அவள் ஒரு கோடை முழுவதும் கட்டிய சுவரை, தான் ஒட்டுத்துணி தைத்துத் தைத்து இடித்தது.

டிஸ்க் வெளியான நாள் கில் போன் செய்தான். "எனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்காரு. பிரிக்கவே இல்ல. குப்பைத்தொட்டியில போட்டேன். அப்புறம் அந்தத் தொட்டியைத் தெருவுல கொண்டுபோய் வச்சேன். நீயும் பார்க்காத."

அடுத்த நாள் முற்பகலில் வெண்டலே கூப்பிட்டார். குரலில் இருந்த விஷத்தில் போன் காதைச் சுட்டது.

"என்னடி பண்ணி வச்ச?"

"நான் எதுவும்—"

"ஆளைக் காணோம். வாங்கினவன் அத்தனை பேரும் எழுதறான். தாழ்வாரத்துல அவ தனியா நடக்கறா. விளம்பரத்துல போட்ட ஆளு எங்கன்னு கேக்கறான். நீ போறதுக்கு முன்னாடி எதையோ உள்ள விட்டுட்டுப் போயிருக்க. இப்ப வர. உக்காந்து காட்ற. இல்ல, வக்கீல் வருவான் உன் வீட்டுக்கு."

ஆளைக் காணோம்.

ஆர்பிக்கு முதலில் வந்தது பயமில்லை, ஒரு சிறிய, வெட்கங்கெட்ட நிம்மதி. போய்விட்டது. ஆயிரம் பேர் பார்த்தார்கள், அது முழுசாகத் திரும்பியது, திரும்பிப் போய்விட்டது. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் தூங்கலாம். அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் யாரும் இல்லை. கில்லின் அறை இருட்டாக இருந்தது. வெண்டல் படம் போட்டுக் காட்டும் சிறிய அரங்கில் நின்றிருந்தார். நான்கைந்து வரிசை மடக்கு நாற்காலிகள், முன்னால் திரை. கண்கள் சிவந்திருந்தன. சட்டை கசங்கியிருந்தது.

"காலையில இருந்து போன் ஓயல," என்றார். "இப்பதான் அடங்கிச்சு. கொஞ்ச நேரமா ஒருத்தனும் கூப்பிடல. எழுதவும் இல்ல. கத்திக் களைச்சுட்டானுங்க. உக்காரு."

அவள் நடு வரிசையில் உட்கார்ந்தாள். வெண்டல் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில், கையில் ரிமோட்டோடு, வகுப்பில் நிற்கும் வாத்தியாரைப் போல அவளைப் பார்த்து நின்றார். விளக்கு அணைந்தது. ஏசி நின்றிருந்தது. புழுக்கம். நாற்காலித் துணியின் பழைய வாசனை. தன் பின்கழுத்தில் வியர்வை உருண்டு இறங்குவதை அவள் உணர்ந்தாள்.

தாழ்வாரம். விளக்குகள். வெள்ளை கவுன்.

லெனோர் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரும் விளக்கும்தான்.

"பார்த்தியா," என்றார் வெண்டல். "எங்க போனான்?"

லெனோர் நின்றாள்.

அந்த இடத்தில் அவள் நிற்பதில்லை. அந்த ஷாட்டை உலகத்தில் யாரையும்விட அதிகம் பார்த்தவள் ஆர்பி. லெனோர் நிற்பது கதவருகே. இது விளக்குக்குக் கீழே.

லெனோர் திரும்பிப் பின்னால் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் தோள்கள், எத்தனையோ காலமாக இறுக்கிப் பிடித்திருந்தவை, மெல்லத் தளர்ந்தன. அவள் அழுவதுபோல் இருந்தது. சிரிப்பதுபோலவும்.

"இது நம்ம படத்துல இல்ல," என்றார் வெண்டல். ரிமோட்டை அழுத்தினார். படம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

லெனோர் இந்தப் பக்கம் திரும்பினாள்.

அவள் கண்கள் இருட்டைத் துழாவின. வெண்டலைக் கடந்தன. காலி நாற்காலிகளைக் கடந்தன. ஆர்பியிடம் வந்து நின்றன. அடையாளம் தெரிந்துகொண்டவள்போல், கொஞ்சம் இரக்கத்தோடு, பார்த்தாள்.

பிறகு அந்தப் பார்வை சற்றே உயர்ந்தது. ஆர்பியின் தலைக்கு மேலே.

லெனோர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆர்பி, இதை நீ எப்படி—" வெண்டல் அவள் பக்கம் திரும்பினார். வார்த்தை பாதியில் அறுந்தது. அவர் கண்களும் உயர்ந்தன. திரையில் இருந்தவளும் திரைக்கு வெளியே இருந்தவரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். ரிமோட் கீழே விழுந்தது. வெண்டலின் வாய் திறந்திருந்தது.

ஆர்பிக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. யாரோ உட்காரும்போது தாழ்வதுபோல. மெதுவாக. முழு பாரத்தோடு.

அவள் திரும்பவில்லை.

திரையில் லெனோர் அருகே வந்தாள். இன்னும் அருகே. முகம் திரையை நிறைத்தது. அவள் கையை நீட்டி, படத்தின் ஓரத்தைப் பற்றினாள். கதவைப் பற்றுவதுபோல. இழுத்தாள்.

வலப்பக்கத்திலிருந்து இருள் நகர்ந்து வந்தது. வெளிச்சம் ஒரு பட்டையாகச் சுருங்கியது. பட்டை ஒரு கோடானது. கோட்டின் இடுக்கில் ஒரு கண், கடைசியாக, ஆர்பியைப் பார்த்தது.

கோடும் போயிற்று.

அந்தப் பக்கம் தாழ் விழும் சத்தம் கேட்டது.